பட்டறைப் பதில்கள்: ரிமோட் எப்போது பேசி முடித்தது?

சென்ற இதழில், லினக்ஸில் ஓடும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ரிமோட் குறிகளைப் பதிவு செய்வது பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். டிவி பழுது பார்க்கும் கடைக்காரன் லினக்ஸ் பற்றி எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் கேட்டாராம். இந்த மாதக் கடிதக்கட்டை அவருடைய மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீட்டு ஏசி ரிமோட்டின் குறிகளைப் பையில் பதிவு செய்துவைத்து, ஏசியைக் கணினியிலிருந்தே இயக்கப் பார்க்கிறேன். டிவி ரிமோட் ஒழுங்காகப் பதிவாகிறது. ஏசி ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு துண்டாக வந்து விழுகிறது. டைம்அவுட்டை 20 லட்சம் மைக்ரோ வினாடியாக வைக்கும்படி நண்பர் சொன்னார். வைத்தால் மதிப்பு தவறு என்று பிழை வருகிறது. எவ்வளவு வரை வைக்கலாம் என்பதை எங்கே பார்ப்பது?
— பள்ளி ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: நண்பரிடம் கேட்டதை, ரிமோட்டின் ஒளியை வாங்கப் பையில் மாட்டியிருக்கிறீர்களே, அந்த ரிசீவரிடமே கேட்டிருக்கலாம். அது ஒளிக்காமல் சொல்லியிருக்கும். எப்படிக் கேட்பது என்பதற்கு முன், துண்டாவது ஏன் என்று பார்த்துவிடுவோம்.

மூன்று கால் ரிசீவர் ரிமோட்டின் 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை உள்ளேயே வடிகட்டிவிட்டு, கணினிக்கு இரண்டே சேதி தருகிறது: ஒளி வந்தது, ஒளி நின்றது. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடித்தது என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அளந்துகொண்டே போகிறது. டிவி ரிமோட்டுகளில் பரவலாகப் புழங்கும் என்இசி முறையில் முதலில் 9 மில்லி வினாடி ஒளி, பிறகு 4.5 மில்லி வினாடி இருள், அதன்பின் 32 பிட்டுகள். ஒவ்வொரு பிட்டும் 562.5 மைக்ரோ வினாடி ஒளியோடு தொடங்கும். அடுத்து வரும் இருள் அதே அளவென்றால் 0, 1687.5 மைக்ரோ வினாடி என்றால் 1.

சிக்கல் கடைசி இருளில் இருக்கிறது. நடுவில் வரும் ஒவ்வோர் இருளையும் அடுத்த ஒளி வந்து முடித்துவைக்கும். கடைசி ஒளிக்குப் பிறகு வரும் இருளை யாரும் முடித்துவைப்பதில்லை. நீங்கள் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால் அந்த இருள் மறுநாள் வரை நீளும். ஆகவே, இவ்வளவு நேரம் ஒளி வரவில்லையென்றால் சேதி முடிந்தது என்று எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும். அந்தக் கோடுதான் டைம்அவுட்.

ஏசி ரிமோட்டின் குணம் வேறு. டிவி ரிமோட் 'சத்தத்தைக் கூட்டு' என்று ஒற்றைச் சேதி சொல்லும். ஏசி ரிமோட் ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, விசிறி வேகம், காற்றுத் திசை, டைமர் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒப்பிக்கும். அதனால் சேதி நீளமானது; சில கம்பெனிகள் அதை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, நடுவே பத்து முதல் முப்பது மில்லி வினாடிக்கு மேல் கூட இடைவெளி விடுகின்றன. மேடைப் பேச்சாளர் மூச்சு வாங்க நிறுத்தும்போதே பேச்சு முடிந்ததென்று கைதட்டிவிடுவார்களே, உங்கள் பையும் அதைத்தான் செய்கிறது.

கைதட்ட இவ்வளவு அவசரம் ஏன்? கெர்னலில் பொதுவான இயல்பு மதிப்பு 125 மில்லி வினாடி. ஆனால் அண்மைக் கெர்னல்கள் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. எந்தெந்த ரிமோட் முறைகளை இயக்கிவைத்திருக்கிறீர்களோ அவற்றுக்குத் தேவையான மிகக் குறைந்த நேரத்தைக் கணக்கிட்டு, கொஞ்சம் உபரி சேர்த்து, தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. என்இசி மட்டும் இயங்கினால் அது 16 மில்லி வினாடி அளவுக்கு வந்துவிடும். டிவி ரிமோட்டுக்கு இது அருமை. பொத்தானை அழுத்திய உடனே வேலை நடக்கும். முப்பது மில்லி வினாடி மூச்சு வாங்கும் ஏசி ரிமோட்டுக்கு இது கத்தரிக்கோல்.

இப்போது எல்லைகளைக் கேட்கும் வழி. லினக்ஸில் உங்கள் ரிசீவர் '/டெவ்/லிர்க்0' என்ற கோப்பாகத் தெரியும். லிர்க் என்பது லினக்ஸ் ரிமோட் சாதனங்களோடு பேசும் ஏற்பாட்டின் பெயர். அந்தக் கோப்பைத் திறந்து, ஐஆக்டில் என்ற 'சிஸ்டம் கால்' ஒன்றை, அதாவது நிரல் கெர்னலிடம் வேலை சொல்லும் அழைப்பை, இரண்டு முறை கூப்பிட வேண்டும். ஒருமுறை 'லிர்க்_கெட்_மின்_டைம்அவுட்', இன்னொரு முறை 'லிர்க்_கெட்_மேக்ஸ்_டைம்அவுட்'. கூடவே 4 பைட் முழு எண் ஒன்றின் முகவரியைக் கொடுத்தால், கெர்னல் அதில் விடையை எழுதிவைக்கும். விடை மைக்ரோ வினாடியில் வரும். அந்த எண் 32 பிட் குறியில்லா எண்ணாக இருக்கட்டும். 64 பிட் கணினியில் 'லாங்' மாறியைக் கொடுத்தால் கெர்னல் பாதியைத்தான் நிரப்பும். மீதிப் பாதியில் ஏற்கெனவே கிடந்த குப்பை அப்படியே இருக்கும், பிறகு கோடிக்கணக்கில் டைம்அவுட் வருகிறதென்று எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

சி மொழியில் 'லினக்ஸ்/லிர்க்.ஹெச்' கோப்பைச் சேர்த்துக்கொண்டால் பெயர்களே போதும். பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு எண் தேவைப்படும். ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண் முறையில்) குறைந்தபட்ச எல்லைக்கு 80046908, அதிகபட்ச எல்லைக்கு 80046909. இந்த எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், பிரித்துப் பாருங்கள். முதலில் நிற்கும் 8 என்பது 'கெர்னலிடமிருந்து படிக்கிறேன்' என்ற திசை. நடுவிலுள்ள 4, பைட் அளவு. 69 என்பது ஆஸ்கி என்ற எழுத்து-எண் பட்டியலில் ஆங்கிலச் சிறிய 'ஐ' எழுத்து. லிர்க் குடும்பத்தின் அடையாளம். கடைசி 08, 09 வரிசை எண்கள். டைம்அவுட்டை மாற்றும் கட்டளை 40046918. திசை மாறி எழுதுவதாகிவிட்டதால் முதல் இலக்கம் 4. பையிலும் சாதாரண மேசைக் கணினியிலும் இதே எண்கள்தான். மிப்ஸ், பவர்பிசி போன்ற சில்லுகளில் திசையைக் குறிக்கும் முறை வேறு என்பதால் எண்ணும் மாறும். அங்கே சி மொழியே நல்லது.

நிரல் எழுதச் சோம்பலாக இருந்தால் 'ஐஆர்-சிடிஎல்' கருவியை '-எஃப்' தேர்வோடு ஓட்டுங்கள். சாதனத்தின் திறமைகளைப் பட்டியலிடும்போது டைம்அவுட்டின் இரண்டு எல்லைகளையும் ஒரே வரியில் சொல்லிவிடும். உள்ளே அதுவும் இதே இரண்டு கால்களைத்தான் கூப்பிடுகிறது.

பையின் ஜிபிஐஓ முனையில் (வெளிச் சாதனங்களை இணைக்கும் கால்களில் ஒன்று) மாட்டிய ரிசீவர் தரும் விடை: குறைந்தபட்சம் 1, அதிகபட்சம் 12,50,000. அதாவது இயல்பு மதிப்பான 125 மில்லி வினாடியின் பத்து மடங்கு, ஒன்றே கால் வினாடி. உங்கள் நண்பர் சொன்ன 20 லட்சம் வேலிக்கு வெளியே நிற்கிறது, கெர்னல் 22 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்புகிறது. நண்பரிடம் இருப்பது வேறு ரிசீவராக இருக்கலாம்; அவருடைய எண் அவருடைய ரிசீவருக்கு.

அதற்காக 12,50,000-ஐ வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒன்றே கால் வினாடி காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். நடு இடைவெளியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். முதலில் 2,00,000 வைத்து ஒருமுறை பதிவு செய்யுங்கள். ஐஆர்-சிடிஎல் பதிவில் ஒளிக்குக் கூட்டல் குறியும் இருளுக்குக் கழித்தல் குறியும் இருக்கும். '+430 -1280 +430 -420' என்று போய்க்கொண்டிருக்கும் வரிசையில் திடீரென்று '-29500' மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் மூச்சு வாங்கிய இடம். அதைவிடக் கொஞ்சம் கூட்டி 50,000 வைத்தால் ஏசி சேதி முழுதாக வரும்.

இன்னொன்று. டைம்அவுட் உங்கள் நிரலுக்கு மட்டுமான அமைப்பு இல்லை. அந்தச் சாதனத்துக்கே உரியது. நீங்கள் கூட்டிவைத்தால், அதே ரிசீவரை நம்பியிருக்கும் டிவி ரிமோட்டும் மந்தமாகும். ஆகவே மாற்றுவதற்கு முன் 'லிர்க்_கெட்_ரெக்_டைம்அவுட்' கொண்டு தற்போதைய மதிப்பைப் படித்து வைத்துக்கொண்டு, பதிவு முடிந்ததும் திருப்பி வையுங்கள். அதன் ஹெக்ஸ் எண் 80046924. இந்தக் கால் 4.18 கெர்னலிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முன்பு எல்லைகளைக் கேட்கலாம், இப்போது என்ன மதிப்பு ஓடுகிறது என்று கேட்க வழியில்லை. வீட்டுக்காரரிடம் வாடகை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று கேட்கலாம், நான் எவ்வளவு கொடுக்கிறேன் என்று கேட்கக்கூடாது என்பது போன்ற விசித்திரமான ஏற்பாடாகத்தான் அது இவ்வளவு காலம் இருந்தது.

நடுவே 'ஐஆர்-கீடேபிள்' மூலம் ரிமோட் முறையை மாற்றினால் கெர்னல் மறுபடி கணக்குப் போட்டுத் தன் எண்ணை வைத்துக்கொள்ளும். நீங்கள் வைத்த 50,000 காணாமல் போனால் அங்கே தேடுங்கள்.

கேள்வி: சார், குறைந்தபட்சம் 1 என்று வருகிறதே, 1 மைக்ரோ வினாடியே வைத்துவிட்டால் ரிமோட் மின்னல் வேகத்தில் வேலை செய்யுமா?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: செய்யாது தம்பி. சாதனம் 1-ஐ ஏற்றுக்கொள்ளும், முகம் சுளிக்காது. ஆனால் என்இசி முறையில் மிகச் சிறிய இருளே 562 மைக்ரோ வினாடி. சேதி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் 'முடிந்தது' என்ற முத்திரை விழும், எந்தப் பொத்தானும் அடையாளம் தெரியாமல் போகும். வன்பொருளும் டிரைவரும் எதைத் தாங்கும் என்பதைத்தான் எல்லைகள் சொல்கின்றன. உன் ரிமோட்டுக்கு எது பொருந்தும் என்று அவற்றுக்குத் தெரியாது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 0 வைத்தால் வன்பொருள் டைம்அவுட்டே இல்லாமல் ஆகும் என்று கையேட்டில் இருக்கிறது. 'வன்பொருள் ஒத்துழைத்தால்' என்ற நிபந்தனையோடு. பையின் ரிசீவருக்கு வேலி 1-இல் தொடங்குவதால் 0 கொடுத்தாலும் அதே 22-தான் கிடைக்கும்.

கேள்வி: மேலே சொன்ன இரண்டு கால்களையும் கூப்பிட்டால் எனக்குப் பிழை எண் 25 வருகிறது. இயங்குதளத்தையே மீண்டும் நிறுவிப் பார்த்துவிட்டேன். ரிசீவர் பழுதா?
— மென்பொருள் ஊழியர், கோவை

பதில்: இயங்குதளம் பாவம், அதை விட்டுவிடுங்கள். 25 என்றால் நீங்கள் கேட்கும் கேள்வி இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது என்று அர்த்தம். பழுதான சாதனம் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லாது. சாதனத்தைப் பிடுங்கிவிட்டால் வருவது 19.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் ரிசீவரோடு, குறிகளை அனுப்பும் ஒரு ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடியும் இணைத்திருப்பதாகப் படம் வரைந்திருக்கிறீர்கள். விடை அங்கேயே இருக்கிறது. அனுப்புவதற்கு ஒரு டிரைவர், வாங்குவதற்கு ஒரு டிரைவர் என்று இரண்டும் ஏறும்போது லிர்க்0, லிர்க்1 என இரண்டு கோப்புகள் உருவாகும். எது முதலில் ஏறுகிறதோ அதற்கு 0. நீங்கள் எல்இடியிடம் போய், எவ்வளவு நேரம் காத்திருப்பாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குக் காதே இல்லை. லிர்க்1-ஐத் திறந்து பாருங்கள்.

எண்ணை நம்பி நிரல் எழுதாதீர்கள். பையை மீண்டும் தொடங்கும்போது வரிசை மாறலாம். முதலில் 'லிர்க்_கெட்_ஃபீச்சர்ஸ்' கேட்டு, வாங்கும் திறன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதுதான் முறை. தானே குறியைப் பிரித்துப் பொத்தான் எண்ணை மட்டும் கொடுக்கும் ரிசீவர்களும் உண்டு. சில டிவி டியூனர் குச்சிகளில் பார்க்கலாம். மூலத் துடிப்பே வெளியே வராத இடத்தில் டைம்அவுட் எல்லையைக் கேட்டாலும் இதே 25 வரக்கூடும்.

கேள்வி: என் ரிசீவரில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒரே எண்ணாக வருகிறது. நிரலில் பிழையா?
— கும்பகோணம் வாசகி

பதில்: இல்லையம்மா, சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். சில சாதனங்களில் டைம்அவுட் நிலையானது, மாற்ற முடியாது. அப்போது இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான். ஏசி ரிமோட்டைத் துண்டாக்காத அளவுக்கு அந்த எண் பெரிதாக இருந்தால் அதிர்ஷ்டம். சிறிதாக இருந்தால், துண்டுகளைப் பதிவு செய்த பிறகு நீங்களே ஒட்ட வேண்டும். டைம்அவுட் சேதியோடு வரும் கால அளவையும், அடுத்த துண்டு தொடங்கும் முன் இருந்த இருளையும் வீசிவிடாமல் வைத்துக்கொண்டால் ஒட்டுவது கடினமில்லை.

கேள்வி: பழைய விண்டோஸ் மீடியா சென்டர் யூஎஸ்பி ரிசீவர் ஒன்று கிடைத்தது. அதில் 33,333 என்று டைம்அவுட் வைத்தால் அப்படியே நிற்குமா?
— சேலம்

பதில்: நிற்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்த வகை 50 மைக்ரோ வினாடிப் படிகளில் அளக்கிறது. கேட்ட எண்ணை அப்படியே வைக்க முடியாவிட்டால், அதைவிடப் பெரிய அடுத்த எண்ணை வைக்க வேண்டும் என்பது லிர்க் விதி. வைத்த பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள். 33,333 என்ற எண்ணில் உங்களுக்கு என்ன வேண்டுதல் என்று தெரியவில்லை; 35,000 வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: படிக்க ஒரு கால், எழுத ஒரு கால் இருக்கும்போது எதற்குத் தனியாக ஐஆக்டில்?
— ஓய்வுபெற்ற தந்தித் துறை ஊழியர், நாகர்கோவில்

பதில்: தந்தித் துறையில் இருந்தவர் நீங்கள், கம்பியில் ஓடும் சேதி வேறு, கம்பியைச் சரிசெய்யும் பேச்சு வேறு என்று உங்களுக்குத் தெரியாததா ஐயா? லிர்க்0-ஐப் படித்தால் ரிமோட் துடிப்புகள் வரும். 'நீ எவ்வளவு நேரம் காத்திருப்பாய்' என்ற கேள்வியை அந்த ஓட்டத்துக்குள் நுழைத்தால் இரண்டும் குழம்பும். யூனிக்ஸில் முதலில் முனையங்களுக்காக மட்டும் எஸ்டிடிஒய், ஜிடிடிஒய் என்ற இரண்டு கால்கள் இருந்தன. எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவாக ஐஆக்டில் வந்தது 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பில். லிர்க் ரொம்பப் பிந்தியது. கெர்னலுக்கு வெளியே தனித் திட்டமாக வளர்ந்து, 2010-இல் 2.6.36 கெர்னலோடு உள்ளே சேர்ந்தது.

கேள்வி: ரிமோட் வேலை செய்கிறதா என்று கைபேசிக் கேமராவில் பார்க்கலாமா?
— விருதுநகர்

பதில்: பார்க்கலாம். பின்பக்கக் கேமராவில் ஒளி தெரியவில்லையென்றால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். பல கைபேசிகளின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பை மறைக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும்.

கேள்வி: ரிச்சி தெருவில் டிஎஸ்ஓபி1738 ரிசீவர் வாங்கினேன். பையில் நேரடியாக இணைக்கலாமா? நண்பர் டிஎஸ்ஓபி38238 வைத்திருக்கிறார், இரண்டும் ஒன்றுதானே?
— சென்னை வாசகர்

பதில்: 1738 ஐந்து வோல்ட்டுக்காகச் செய்தது. பையின் ஜிபிஐஓ முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுத்து அதன் வெளியீட்டை அப்படியே பைக்குள் செருகினால், டைம்அவுட் எல்லையைக் கேட்க சாதனமே இருக்காது. 38238 வகை 2.5 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும், 3.3 வோல்ட்டில் ஓட்டலாம், அதையே வாங்குங்கள். இரண்டுக்கும் கால் வரிசையும் ஒன்றில்லை. முகப்பை நம்மைப் பார்க்க வைத்தால் 1738-இல் இடமிருந்து தரை, மின்சாரம், வெளியீடு. 38238-இல் வெளியீடு, தரை, மின்சாரம். நண்பருடைய படத்தைப் பார்த்து உங்களுடையதைப் பற்றவைக்காதீர்கள். ரிசீவரைப் பைக்கு அறிமுகப்படுத்தும் 'ஜிபிஐஓ-ஐஆர்' ஓவர்லே அமைப்பில் முனை எண் எழுதாவிட்டால் அது ஜிபிஐஓ 18-ஐ எடுத்துக்கொள்ளும், வெளியீட்டுக் கம்பி அங்கே போகட்டும்.